வின்ச் பிரேக் வழுக்கினால், ஷாஃப்ட் முறிந்தால்: முதன்முறை திறப்பவர்களுக்கு

ரோப்பைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவியான வின்ச்சில் வரும் கோளாறுகளில் இரண்டுக்குத்தான் உண்மையில் பயப்பட வேண்டும். ஒன்று, மேட்டில் வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது பட்டனை விட்டதும் வண்டி நிற்காமல் மெல்லப் பின்னால் நழுவுவது. இன்னொன்று, பட்டனை அழுத்தினால் மோட்டார் விர்ரென்று சுற்றும், ரோப் சுற்றும் உருளையான டிரம் மட்டும் அசையாமல் நிற்கும். முதலாவது பிரேக் கோளாறு. இரண்டாவது பெரும்பாலும் ஷாஃப்ட்.

இரண்டையும் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். கொஞ்சம் பொறுமையும் நல்ல அலன் கீ செட்டும் போதும். ஆனால் இந்த இரண்டு பாகங்களும் தாமாகக் கெடுவது அபூர்வம். ஏதோ ஒன்று அவற்றைக் கெடுக்கிறது. கெட்டதை மட்டும் மாற்றிவிட்டு, கெடுத்ததை அப்படியே விட்டால் புதுப் பாகமும் அதே வழியில் போகும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் எது கெட்டது என்பதோடு, ஏன் கெட்டது என்றும் தேடச் சொல்லப்போகிறேன்.

இந்தக் கட்டுரை, ஜீப், தார், ஜிம்னி போன்ற வண்டிகளின் முன் பம்பரில் அதிகம் பார்க்கும் மின்சார பிளானெட்டரி (நடுக் கியரைச் சுற்றிச் சின்னக் கியர்கள் ஓடும்) வின்ச்சுக்கானது. ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் கியர்பாக்ஸ், நடுவில் டிரம், டிரம்முக்குள்ளேயே பிரேக். வார்ன் எம்8000-உம், அதே அமைப்பில் வரும் பல வின்ச்சுகளும் இந்த வகைதான். வார்ன் 8274-இல் பிரேக் டிரம்முக்கு வெளியே இருக்கும். சூப்பர்வின்ச் ஹஸ்கி போன்ற வார்ம் கியர் (திருகு போன்ற கியர்) வின்ச்சில் கியரே சுமையைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டையும் திறக்கும் முறை வேறு.

உள்ளே என்ன நடக்கிறது

மோட்டாரின் சுற்று ஒரு கப்ளிங் (இணைப்புத் துண்டு) வழியாக பிரேக்குக்கு வருகிறது. அங்கிருந்து ஆறு பட்டையுள்ள நீண்ட ஹெக்ஸ் ஷாஃப்ட் டிரம்மின் நடுவே ஓடி, மறுமுனையில் இருக்கும் கியர்பாக்ஸைத் திருப்புகிறது. கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்து, முறுக்கு விசையைக் கூட்டி டிரம்மைச் சுழற்றுகிறது. அதாவது, டிரம்முக்குள் இருக்கும் ஷாஃப்ட் அசுர வேகத்தில் சுற்றும். வெளியே டிரம் ஆமை வேகத்தில் நகரும்.

எம்8000-ஐ வைத்துக் கணக்குப் போடலாம். அதன் கியர் விகிதம் 216:1. டிரம்மின் விட்டம் 2.5 அங்குலம், ஏறத்தாழ 63 மி.மீ. அதன்மேல் 8 மி.மீ. ரோப்பின் முதல் அடுக்கு. டிரம் ஒரு சுற்று சுற்றினால் 22 செ.மீ. சொச்சம் ரோப் நகரும். ஒரு மீட்டர் ரோப் நகர டிரம் நாலரைச் சுற்று சுற்ற வேண்டும். அதற்கு உள்ளே ஷாஃப்ட் 950 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் எப்படிச் சாகிறது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

பிரேக்கில் இரண்டு கப்ளிங்குகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அவற்றின் முகங்களில் சாய்வான மேடுகள், இடையில் ஒரு சுருள் ஸ்பிரிங். மோட்டார் பக்கத்திலிருந்து திருப்பினால் இரண்டும் நெருங்கி, பிரேக் ஷூ டிரம்மின் உட்சுவரை விட்டு விலகும். சுமை இழுத்து, கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஷாஃப்ட் திரும்பினால் ஒரு மேட்டின் மீது மற்றது ஏறி, கோன் (கூம்பு வடிவப் பாகம்) விரிந்து, ஷூவை உட்சுவரில் அழுத்தும். சுமை கூடினால் அழுத்தமும் கூடும். ஒயர் இல்லை, சென்சார் இல்லை. எளிமையான, அருமையான ஏற்பாடு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், சுமையோடு ரோப்பை வெளியே விடும்போது. மோட்டார் பிரேக்கைத் தளர்த்தப் பார்க்கும், சுமை அதை மறுபடி இறுக்கும். இந்த இழுபறியில் ஷூ உரசிக்கொண்டே இருக்கும். வண்டியை ஐந்து மீட்டர் சரிவில் இறக்கினாலே உள்ளே கிட்டத்தட்ட ஐயாயிரம் சுற்று உரசல். அந்தச் சூடு போக இடமில்லை, டிரம்முக்குத்தான் போகும். ஷூவின் மேலுள்ள உரசும் படலமான லைனிங் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப் பிடிமானம் போகும். சிந்தெடிக் ரோப் போட்டிருந்தால் அதற்கும் ஆபத்து. அந்த இழை 150 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். அதற்கு வெகு முன்பே பலம் குறைய ஆரம்பித்துவிடும். எனவே ரோப்பின் டிரம் பக்க முனை பழுப்பேறியோ விறைத்தோ இருந்தால், பிரேக் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம்.

திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பலரும் இதைத் தாண்டிவிட்டு நேரே ஸ்பானரைக் கையில் எடுக்கிறார்கள். பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும் என்பதால் நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் ரோப் எந்தப் பக்கமாக வருகிறது என்று பாருங்கள். இந்த வகை வின்ச்சுகளில் பெரும்பாலும் ரோப் டிரம்மின் அடிப்பக்கமாக வெளியே வர வேண்டும். வின்ச் மேலேயே சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். யாராவது ரோப் மாற்றும்போது தலைகீழாகச் சுற்றியிருந்தாலோ, மோட்டார் ஒயர்களை மாற்றிப் போட்டு அதற்கேற்ப ரோப்பைச் சுற்றியிருந்தாலோ பிரேக் சரியாக வேலை செய்யாது. ஏனென்றால் பிரேக் ஒரு திசைச் சுமைக்காகவே செய்யப்பட்டது. பழைய வண்டியோடு வின்ச்சையும் சேர்த்து வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரேக்கில் எந்தக் குறையும் இருக்காது, ரோப்பைச் சரியாகச் சுற்றினாலே போதுமானதாக இருக்கும்.

அடுத்து பிரேக் பிடிக்கிறதா என்ற சோதனை. லேசான சரிவுள்ள இடமாகப் பாருங்கள். மேலே உறுதியான மரத்தில் ட்ரீ ஸ்ட்ராப் (மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை) கட்டி, ரோப்பை மாட்டி, அது அறுந்தால் துள்ளாமல் இருக்க அதன்மேல் ஒரு டேம்பரோ கனமான போர்வையோ போடுங்கள். பின் சக்கரங்களுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நல்ல கற்களை வையுங்கள். ஸ்டீயரிங்கில் ஒருவர் உட்கார்ந்து, கால் பிரேக் பெடலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மற்ற யாரும் ரோப்பின் நேர்க்கோட்டிலோ வண்டிக்குப் பின்னாலோ நிற்கக் கூடாது. வண்டியை இரண்டு மூன்று அடி மேலே இழுத்து, பட்டனை விடுங்கள். ஃபேர்லீட் (ரோப் வெளியே வரும் வழிகாட்டி) ஓரத்தில் ரோப்பின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறியிடுங்கள். பட்டனை விட்ட உடனே ஒரு சின்ன நகர்வு இருப்பது இயல்பு, பிரேக்கின் மேடுகள் ஏறிப் பிடிக்க அந்த இடம் வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடம் ஆனாலும் டேப் நகரக் கூடாது. ஊர்ந்துகொண்டே போனால் பிரேக் வழுக்குகிறது.

டிரம் சுற்றாத வின்ச்சுக்கு வேறு வழி. மோட்டார் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கவனியுங்கள். சுமையே இல்லாதது போல லேசாக, வேகமாகச் சுற்றினால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. 'உம்' என்று முனகி, ஹெட்லைட் மங்கினால் எங்கோ இறுகியிருக்கிறது; பிரேக் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், கியர் சிக்கியிருக்கலாம். முனகும் மோட்டாரை ஓரிரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். முழுச் சுமையில் இந்த வின்ச்சுகள் 400 ஆம்பியரைத் தொடும், மோட்டார் எரிந்துவிடும்.

லேசாகச் சுற்றும் வின்ச்சில், கிளட்ச் லிவர் முழுதாக விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃப்ரீ ஸ்பூலில் (டிரம் கியரிலிருந்து விடுபட்டுத் தாராளமாகச் சுற்றும் நிலை) இருந்து பாதி வழியில் நின்றிருந்தால் இதே அறிகுறிதான் வரும். டிரம்மைக் கையால் லேசாக ஆட்டியபடி லிவரைத் திருப்பினால் உள்ளே போய் உட்காரும். லிவர் சரியாக இருந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ரோப்பை இரண்டு பேர் பலமாக இழுத்துப் பாருங்கள். ரோப் துளியும் வரவில்லை என்றால் பிரேக்கும் கியர்பாக்ஸும் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. முறிவு மோட்டாருக்கும் பிரேக்குக்கும் நடுவே, அதாவது கப்ளிங்கில். கனமாக, ஆனால் வந்துகொண்டே இருந்தால் முறிவு பிரேக்குக்கு அந்தப் பக்கம்: நீண்ட ஷாஃப்டில், அல்லது கியரில்.

இந்த இரண்டாவது வகை ஏன் அபாயமானது என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் நன்றாகவே இருக்கும். ஆனால் பிரேக்குக்கும் சுமைக்கும் இடையிலான தொடர்பே போய்விட்டதால் அது எதையும் பிடிக்க முடியாது. இதனால்தான் வின்ச்சின் பிடியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்கக் கூடாது, ஆளையோ பொருளையோ மேலே தூக்கவும் கூடாது.

சரிவின் நடுவிலேயே பிரேக் வழுக்க ஆரம்பித்தால் கிளட்ச் லிவரைத் தொடவே தொடாதீர்கள். கால் பிரேக், ஹேண்ட் பிரேக், லோ ரேஞ்சில் கியர், சக்கரங்களுக்குக் கல். இன்னொரு ஸ்ட்ராப்பால் வண்டியை மரத்தில் கட்டிய பிறகுதான் மற்ற யோசனை.

கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ரோப்பை முழுக்க வெளியே எடுங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் வண்ண டேப் சுற்றிவிடுங்கள். வின்ச் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். பம்பரிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும்.

வெளியே எடுத்ததும் தண்ணீர் அடித்து, சேற்றை முழுக்கக் கழுவிக் காயவிடுங்கள். திறந்த பிறகு விழும் ஒரு சிட்டிகை மணல், கியருக்கு எமனாகிவிடும். பிறகு கியர்பாக்ஸ், டிரம் தாங்கிகள், மோட்டார் ஆகியவை சேரும் இடங்களில் மார்க்கரால் கோடு போடுங்கள். இவற்றைப் பல கோணங்களில் பொருத்த முடியும். மறுபடி பூட்டும்போது தண்ணீர் வடியும் துளை மேல் நோக்கிப் போய்விட்டால் மோட்டாரில் நீர் தேங்கும்.

அமெரிக்க வின்ச்சுகளில் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவில் இருக்கும், சீனத் தயாரிப்புகளில் மில்லிமீட்டர் அளவில். கிட்டத்தட்டப் பொருந்துகிற அலன் கீயைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை வட்டமாகிவிடும். அதற்கப்புறம் அது தனி வேலை.

மோட்டார் பக்கம் கீழே வரும்படி வின்ச்சை நிமிர்த்தி வைத்துக் கியர்பாக்ஸ் போல்ட்டுகளை எடுங்கள். கியர்பாக்ஸை நேராக மேலே தூக்குங்கள். கியர் செட்டுகளுக்கு நடுவே மெல்லிய வாஷர்கள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். எது எங்கே இருந்தது என்று ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து, வரிசையாகத் துணியில் வையுங்கள். ஹெக்ஸ் ஷாஃப்ட் இப்போது கையோடு வந்துவிடும். இரண்டு துண்டாக வந்தால் காரணத்தைத் தேடும் வேலை அங்கேயே தொடங்குகிறது. பிறகு இரு பக்கத் தாங்கிகளையும் இணைக்கும் டை ராடுகளைக் கழற்றினால் டிரம் பிரியும், உள்ளே பிரேக் தெரியும்.

பிரேக்கைப் படிப்பது

பிரேக்கைப் பிரிக்கும் முன் அதன் முழு உருவத்தையும் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்குக்கு இடம், வலம் உண்டு. திருப்பிப் போட்டால் பிரேக் தவறான திசையில் பிடிக்கும்.

லைனிங்கைத் தடவிப் பாருங்கள். ஈரமாகவோ கருப்பாக எண்ணெய்ப் பசையோடோ இருந்தால் கிரீஸ் உள்ளே வந்திருக்கிறது. எங்கிருந்து? பெரும்பாலும் கியர்பாக்ஸில் அளவுக்கு மீறி அடைத்த கிரீஸ், சூட்டில் இளகி, சீலைத் தாண்டி ஷாஃப்ட் வழியாக வந்திருக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது முதல் நாள் பிடிக்கும். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். மாற்றுவதுதான் வழி. கூடவே சீலையும் மாற்றுங்கள்.

கண்ணாடி போலப் பளபளத்தால் சூடு பட்டிருக்கிறது. லைனிங்கில் கனம் மிச்சமிருந்து, விரிசல் இல்லாமல் இருந்தால் 100-ஆம் எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை எடுக்கலாம். இரண்டு பக்கமும் தேய்மானம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வெர்னியரில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் டிரம் கோணலாக நிற்கிறது. மவுண்ட் பிளேட் (வின்ச்சைத் தாங்கும் தட்டு) பற்றிக் கீழே சொல்வதை அவசியம் படியுங்கள்.

டிரம்மின் உட்சுவரில் விரலை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது ஷூவும் சீக்கிரம் தேயும். நீலம் பாய்ந்திருந்தால் அது கடுஞ்சூட்டின் தடம். ஸ்பிரிங் உடைந்தோ, தளர்ந்தோ, துருவேறியோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஸ்பிரிங் செத்தால் மேடுகள் ஏறத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் வண்டி ஓரடி பின்னால் போய் விழுந்து பிடிக்கும். அந்த அதிர்ச்சி முழுவதும் ஷாஃப்ட் மேல்தான் இறங்கும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை, ஷூவை மட்டும் மாற்றாமல் முழு பிரேக் அசெம்ப்ளியாக வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் தேய்ந்த மேடு, தளர்ந்த ஸ்பிரிங், புது லைனிங் என்ற கலவையில் எது எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்லி, பழையதன் நீளத்தையும் ஹெக்ஸ் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஷாஃப்ட் சொல்லும் சாட்சி

முறியாத ஷாஃப்டையும் சோதிக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து உருட்டுங்கள், வளைவு தெரியும். பிறகு ஒரு விளிம்பை முனையிலிருந்து முனை வரை கண்ணால் தொடருங்கள். நேர்க்கோடாகப் போக வேண்டிய விளிம்பு ஜிலேபி மாதிரி சுற்றிப் போனால், ஷாஃப்ட் தாங்கும் எல்லையைத் தாண்டி முறுகிவிட்டது. இன்னும் வேலை செய்கிறதே என்று திரும்பப் போடாதீர்கள்.

முனைகளில் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகியிருந்தால், பொருந்தும் கப்ளிங்கின் துளையும் மழுங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முறிந்த முகம் முறுக்கிய கயிறு போலச் சுழன்றிருந்தால் அதிகச் சுமையில் முறுகி அறுந்தது. சமதளமாக, வளைகோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஒரே நாளில் நடந்ததல்ல. வெகுநாள் வளைந்து வளைந்து சிறு விரிசல் வளர்ந்து முறிந்தது. அப்படியானால் குற்றவாளி மவுண்ட் பிளேட்.

முறிந்த ஷாஃப்டை வெல்டிங் வைக்கவே கூடாது. பற்றவைத்த இடத்தை ஒட்டி இரும்பின் பதம் மாறி, அடுத்த இழுப்பில் அங்கேயே உடையும். லேத் பட்டறையில் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடில் கடைந்து போடுவதும் அதே கதைதான். உதிரிப் பாகம் கிடைக்கவே கிடைக்காத பழைய வின்ச்சானால், ஈஎன்24 போன்ற அலாய் ஸ்டீலில், ஹீட் ட்ரீட்மென்ட் செய்யத் தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுங்கள். நீளத்தில் மில்லிமீட்டர் சுத்தம் முக்கியம். நீளம் கூடினால் பூட்டியதும் இரு பக்கமும் முட்டி பிரேக்கையும் கியரையும் அழுத்தும். குறைந்தால் முனையில் பிடிப்பு குறைந்து மழுங்கும்.

சுமையால் முறிந்த ஷாஃப்டுக்குப் பின்னால் சில பழக்கங்கள் இருக்கும். ரோப் தொய்ந்திருக்கும்போதே வண்டியை ஆக்சிலரேட்டர் கொடுத்து முன்னே எகிறவிடுவது, அது திரும்ப வந்து விழும்போது ரோப் சட்டென்று விறைப்பது. கொக்கி ஃபேர்லீடில் முட்டிய பிறகும் பட்டனை விடாமல் இருப்பது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரைச் சட்டென்று எதிர்த் திசைக்கு மாற்றுவது. போட்டிகளுக்காகப் பெரிய மோட்டார் மாட்டியவர்களும் கவனிக்க வேண்டும்: மோட்டாரின் பலம் கூடியது, ஷாஃப்ட் பழையதுதான். மலேசியாவில் 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போல மழைக்காலச் சேற்றில் நாள்கணக்கில் இழுக்கும் போட்டிகளுக்கு ஒரு ஷாஃப்டும் ஒரு பிரேக்கும் கையிருப்பில் இல்லாமல் போகக் கூடாது. மற்றவர்களுக்கு ஸ்நாட்ச் பிளாக் (ரோப்பைத் திருப்பிவிடும் கப்பி) ஒன்றே பெரிய மருந்து. ரோப்பை இரட்டையாக்கினால் வின்ச்சின் மேல் விழும் சுமை ஏறத்தாழப் பாதியாகும்.

மவுண்ட் பிளேட்

இதைத்தான் அதிகம் பேர் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். இந்த வின்ச்சின் இரு முனைத் தாங்கிகளும் இரண்டு டை ராடுகளால்தான் சேர்ந்திருக்கின்றன. உண்மையான முதுகெலும்பு, நான்கு போல்ட்டுகளில் அதைத் தாங்கும் தட்டு. (போல்ட் இடைவெளி பொதுவாக 254 x 114.3 மி.மீ., அதாவது 10 x 4.5 அங்குலம்.) தட்டு கோணலாக இருந்தால் போல்ட்டை இறுக்கும்போது வின்ச்சும் சேர்ந்து கோணும். டிரம் ஒரு கோட்டிலும் ஷாஃப்ட் இன்னொரு கோட்டிலும் சுற்றும். பிரேக் ஒரு பக்கம் உரசும், ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளையும்.

சோதனை சுலபம். பூட்டிய வின்ச்சை ஃப்ரீ ஸ்பூலில் வைத்து, தரையில் இருக்கும்போது டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். அந்தப் பதத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பிறகு பம்பரில் வைத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் டிரம்மைச் சுற்றுங்கள். நான்காவது போல்ட்டில் டிரம் இறுகினால் தட்டு வளைந்திருக்கிறது. தட்டை நிமிர்த்த வேண்டும், அல்லது அந்த மூலையில் தகடு வைத்துச் சமன்செய்ய வேண்டும். போல்ட்டுகள் 8.8 தரமோ அதற்கு மேலோ இருக்கட்டும்.

திரும்பப் பூட்டுவது

டிரம்மின் உட்சுவரையும் லைனிங்கையும் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு வெறும் விரலால் தொடாதீர்கள். பிரேக்கை டிரம்முக்குள் வைத்ததும் கையாலேயே சோதித்துவிடலாம். ஹெக்ஸ் ஷாஃப்டைச் செருகி, ரோப் வெளியே போகும்போது ஷாஃப்ட் சுற்றும் திசையில் ஸ்பானரால் திருப்புங்கள். உடனே பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிங் மாறிப் போயிருக்கிறது. மோட்டார் பக்கக் கப்ளிங்கிலிருந்து உள்ளிழுக்கும் திசையில் திருப்பினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

கியர்பாக்ஸில் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) கிரீஸைப் பற்களில் பூசினால் போதும். நடு ஷாஃப்ட் ஓரத்தில் வழிய வழிய வைக்காதீர்கள். ஓ-ரிங்குகள் எல்லாம் புதிதாக. வாஷர்களைப் படத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கையேடு சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) இறுக்குங்கள். போல்ட் இழுத்தால்தான் கியர்பாக்ஸ் உட்காருகிறது என்றால் உள்ளே ஏதோ முட்டுகிறது, கழற்றிப் பாருங்கள்.

பம்பரில் ஏற்றி, ரோப் இல்லாமலேயே இரு திசையிலும் ஓரிரு விநாடி ஓட்டுங்கள். வெளியே விடும் திசையில் சத்தம் கொஞ்சம் கனமாக இருக்கலாம். உள்ளிழுக்கும் திசையில் உரசல் சத்தம் கூடாது. டிரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அம்புக்குறியோடு ஒப்பிட்ட பிறகு ரோப்பை மாட்டுங்கள். அதே சரிவில், அதே டேப் குறியோடு பிரேக் சோதனையை மறுபடி செய்யுங்கள். டேப் நின்றால், வண்டியின் எடையை இழுத்தபடியே ரோப்பை அடுக்கடுக்காக இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். இழுக்கும்போது டிரம்மில் எப்போதும் ஸ்டீல் ரோப்பானால் ஐந்து சுற்றும், சிந்தெடிக்கானால் பத்துச் சுற்றும் மிச்சம் இருக்க வேண்டும். முதல் சில இழுப்புகளுக்குப் பிறகு டிரம்மின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளிழுத்த பிறகு அங்கே சூடு தெரிந்தால் பிரேக் உரசிக்கொண்டிருக்கிறது. அடுத்த சேற்றில் இறங்கும் முன் மறுபடி திறந்து பாருங்கள்.